தம்பி ரஷ்யாவில் இருக்கிறான்

கோக்-புலுங் கிராமத்தில் பொய்யே பேசாத மனிதர் ஷர்ஷென் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் அதைச் சொன்னவரும் ஷர்ஷென்தான். எப்போதோ ஒரு வசந்தத்தில் தம் மந்தையோடு கலந்துவிட்ட அயலான் வீட்டு ஆட்டுக்குட்டியை அவர் திருப்பிக் கொடுத்தார். அந்தக் குட்டி வளர்ந்து, தானும் குட்டி போட்டு, அறுபட்டு, வெந்து, ஜீரணமும் ஆகிவிட்டது. அதன் கதை மட்டும் சாகவில்லை. கல்யாணமோ கருமாதியோ, எங்கே தேநீர் ஊற்றினாலும் இரண்டாவது கிண்ணத்தில் அந்த ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டு வந்துவிடும்.

கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். அவருடைய மனைவி ஜுமாகுல் சமோவார் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். புருஷன் மேல் என்ன மரியாதை பாருங்கள் என்று விருந்தாளிகள் நினைப்பார்கள். சிரிப்பை அடக்குவதற்கு அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஏனென்றால், எந்த வாயால் ஆட்டுக்குட்டிக் கதை வந்ததோ அதே வாயால், யாராவது விசாரித்தால், "தம்பியா? எசென் ரஷ்யாவுல இருக்கான், நல்லா இருக்கான்" என்ற பதிலும் வந்தது. ஊரில் பாதி இளவட்டங்கள் கூலி வேலைக்குப் போய் ரஷ்யாவில்தான் இருந்தார்கள். அதனால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. எசென் இருந்தது ரஷ்யாவில் அல்ல. வீட்டுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகையில், வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் இருந்தான். மாடு கட்டும் இரும்புச் சங்கிலியின் ஒரு முனை தூணில், மறு முனை அவன் கணுக்காலில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான் கஷ்டம். வைக்கோலில் மறைப்பது சுலபம்.

உண்மையாகவே ஒரு காலத்தில் ரஷ்யா போனவன்தான் அவன். அங்கே அடுக்குமாடிகளுக்கு சிமெண்ட் கலக்கினான். ஒரு வசந்தத்தில் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்து, முற்றத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றான். சுவருக்குள் ஆட்கள் உட்கார்ந்து தான் செய்த குற்றங்களை வாசிக்கிறார்கள் என்றான். என்ன குற்றம் என்று அவனுக்கே தெரியாது. தெரியாததால் எல்லாவற்றிடமும் மன்னிப்புக் கேட்டான். அடுப்பிடம் கேட்டான், பசுவிடம் கேட்டான், அண்ணியிடம் நாளெல்லாம் கேட்டான். தூக்கம் போயிற்று. ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கிழவியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளோ, பையன் நன்றாகக் குடித்திருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஷர்ஷென் தம்பியை முல்லாவிடம் கூட்டிப்போனார். முல்லா ஓதி ஊதினார். மலைக்கு மேல் இருக்கும் தர்காவில் மரக்கிளையில் துணி கட்டினார்கள். பேயோட்டுகிற ஒரு பெண் சாட்டையால் அடித்தாள், அவளிடமும் எசென் மன்னிப்புக் கேட்டான். கடைசியில் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஓர் இளம் பெண் டாக்டர் அவனை உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினாள். இது வியாதி, மாத்திரை இருக்கிறது, சுவருக்குள் இருப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடுவார்கள், ஆனால் மனநோயாளிகள் பதிவில் பெயர் எழுத வேண்டும், மாதாமாதம் வர வேண்டும் என்றாள். இத்தனையிலும் ஷர்ஷென் காதில் விழுந்தது 'பதிவு' என்ற ஒரே சொல். வீட்டில் வயசுக்கு வந்த மகள் மீரிம் இருந்தாள். பைத்தியம் பிடித்த வம்சத்தில் யார் பெண் எடுப்பார்கள்? தம்பியைத் திருப்பிக் கூட்டிவந்தார், சங்கிலியை எடுத்தார், ஊரில் தம்பியை மறுபடி ரஷ்யாவுக்கு அனுப்பியதாகச் சொன்னார். சத்தியசந்தர் அல்லவா, முகம் கோணாமல் சொன்னார்.

ஜுமாகுல் சண்டை போட்டாள். சாப்பாடு வைக்க மாட்டேன் என்றாள், பிறந்த வீட்டுக்குப் போவேன் என்றாள். "போ. போனா அவனுக்கு யாரு சூப் குடுப்பா?" என்றார் ஷர்ஷென். அவள் போகவில்லை.

அந்த இலையுதிர்காலக் கடைசியில் அல்தமிஷின் குதிரை காணாமல் போனது. அல்தமிஷ் குதிரை வியாபாரி. குளிர்கால இறைச்சிக்கு அறுக்கவென்று வயிறு தரையில் தட்டுகிற அளவுக்குக் கொழுக்க வைத்திருந்த குதிரை அது. ராத்திரியோடு ராத்திரியாக எவனோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான். காலையில் ஊரே தேடக் கிளம்பியது. ஷர்ஷெனும் தம் யோக்கியதைக்குத் தகுந்த உரத்த குரலில் "இந்த ஊர்ல திருடனா!" என்று கேட்டுக்கொண்டே தேடப் போனார்.

அவர் போனதும் ஜுமாகுல் கொட்டகைக்குப் போனாள். எசெனின் கணுக்காலில் இரும்பு உரசி உரசிப் புண் சீழ் வைத்திருந்தது. புருஷன் இருக்கும்போது பூட்டைத் திறக்க முடியாது. இப்போது திறந்தாள், கோணித் துணியால் துடைத்தாள், வெந்நீர் எடுத்துவர வீட்டுக்குள் போனாள். வந்து பார்த்தால் சங்கிலி மட்டும் கிடந்தது.

அவன் நேரே ஆற்றோரத்துப் புதருக்குப் போயிருக்கிறான். அங்கேதான் குதிரையின் குளம்படிகளைத் தேடிக்கொண்டு பாதி ஊரும் நின்றது. அழுக்குத் தாடியோடு, வெறுங்காலோடு, கிழிந்த பஞ்சுக் கோட்டோடு ஒருவன் புதரை விலக்கிக்கொண்டு வந்தான். யாரென்று தெரியவே சற்று நேரம் ஆனது. தெரிந்ததும் எல்லோருக்கும் எல்லாமே விளங்கிவிட்டது. ரஷ்யாவில் இருக்கிறவன் யாருக்கும் தெரியாமல் எதற்குத் திரும்பி வந்தான்? திருடத்தான்! வீட்டுக்குப் போகாமல் புதரில் எதற்கு ஒளிந்தான்? திருடினதால்தான்! அண்ணன் சொன்ன பொய் தம்பி கையில் விலங்காக மாட்டிக்கொண்டது. அண்ணன் அங்கேயேதான் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

மாவட்டத் தலைநகரிலிருந்து வந்திருந்த போலீஸ் கேப்டன் மாமிருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தம் பணிக்காலத்தில் திருட்டுப்போன பிராணி ஒன்றைக்கூட உயிரோடு கண்டுபிடித்திராத மகான் அவர். சமைத்த பிறகு தட்டில் ஒன்றிரண்டைச் சந்தித்திருக்கிறார் என்று ஊரில் பேச்சு உண்டு. அன்று மதிய உணவுக்கு முன்பே திருடன் கிடைத்துவிட்டான்.

மறுநாள் ஜுமாகுல் எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டுகளைத் துணியில் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். மாமிர் மூட்டையை வாங்கிப் பிரித்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, பார்க்க விட முடியாது என்றார்.

"என்னத்துக்கும்மா கவலப்படறே? என் சர்வீஸ்ல இப்படி ஒரு திருடன நான் பாத்ததில்ல. அடிக்கவே வேணாம். 'குதிரைய நீதான எடுத்தே?'ன்னேன். 'ஆமா'ன்னான். 'எப்படி எடுத்தே?'ன்னேன். என்ன சொன்னான் தெரியுமா? 'எப்படின்னு நீங்க சொல்லுங்க, நான் ஆமாங்கறேன்'னான்!" மாமிர் விழுந்து விழுந்து சிரித்தார். வாயிலிருந்த ரொட்டி மேஜையில் தெறித்தது.

"அதுலயே தெரியலயா கேப்டன், அவர் எடுக்கலன்னு?"

"எடுக்காதவன் எடுத்தேன்னு ஏன் சொல்றான்?"

"அவருக்கு உடம்பு சரியில்ல."

"என்ன உடம்புக்கு?"

ஜுமாகுல் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். அடுத்த வாரம் மீரிமுக்குக் காதணி போட மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. காதணி ஏறிவிட்டால் நிச்சயம் முடிந்த மாதிரி. அந்த ஒரு வாரத்தை நினைத்து அவள் வாயை மூடினாள். வெளியே வந்ததும் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

கால்நடைத் திருட்டுக்கு இங்கே ஜெயில் நிச்சயம். அதுவும் லேசில் முடிகிற ஜெயில் அல்ல. எசென் உள்ளே போனால் அவனை யார் கவனிப்பார்கள், அவன் மன்னிப்புக் கேட்கக் கேட்க எப்படி அடிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். எப்பாடு பட்டாவது வெளியே எடுத்துவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

சில நாளில் வழி ஒன்று வந்தது. அல்தமிஷுக்கு ஜெயிலில் அக்கறை இல்லை, குதிரை வேண்டும். குதிரை எங்கே என்று கேட்டால் எசென் "நீங்க சொல்ற எடத்துல" என்கிறான். சந்தேகம் வந்து அல்தமிஷ் ஊர்ப் பெரியவர்களின் பஞ்சாயத்தைக் கூட்டினான். இங்கே பழைய வழக்கம் ஒன்று உண்டு. பழி சுமந்தவன் சத்தியம் செய்தால் அதற்கு மதிப்பில்லை; எந்தத் திருடன் சத்தியத்துக்கு அஞ்சினான்? பொருளைப் பறிகொடுத்தவனே, பழி சுமந்தவனின் வம்சத்தில் யோக்கியன் என்று பெயரெடுத்த ஒருவனைத் தேர்ந்தெடுப்பான். அந்த யோக்கியன் சபை நடுவே ரொட்டியைக் கையில் பிடித்து, இவன் குற்றமற்றவன் என்று சொன்னால் அத்தோடு வழக்கு முடிந்தது. சொல்ல மறுத்தால் குற்றம் உறுதி. அல்தமிஷ் யாரைத் தேர்ந்தெடுத்தான் என்று சொல்லவும் வேண்டுமா? ஆட்டுக்குட்டிக்காரரைத்தான்.

மாமிரும் ஒத்துக்கொண்டார். பறிகொடுத்தவனே புகாரைத் திரும்ப வாங்கினால் தாமும் விட்டுவிடுவதாகச் சொன்னார். ரொட்டிச் சத்தியத்துக்குக் குறுக்கே நிற்க அவருக்கும் பயம்தான்.

ஜுமாகுலுக்கு உயிர் திரும்பி வந்தது. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லையே, உள்ளதைச் சொன்னால் போதும்! அன்று சாயங்காலம் புருஷனுக்கு நூடுல்ஸும் இறைச்சியும் கொண்டுவந்து வைத்தாள்.

"நாளைக்கு சொல்லிடுவீங்க இல்ல?"

ஷர்ஷென் மென்றுகொண்டே இருந்தார். "என்னத்த சொல்ல?"

"அவர் எடுக்கலன்னு."

"எடுக்கலன்னு சொன்னா, ஒனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அந்த ராத்திரி எங்க இருந்தான்னு கேப்பாங்க. கொட்டகைலன்னு சொன்னா, கொட்டகைல என்ன பண்ணான்னு கேப்பாங்க."

"கட்டிப் போட்டிருந்தேன்னு சொல்லுங்க."

"அறிவு இருக்காடி ஒனக்கு? காதணியோட வரவங்க பாதி வழியிலயே வண்டியத் திருப்பிட்டுப் போயிடுவாங்க."

"தம்பி ஜெயிலுக்குப் போனா மட்டும் வருவாங்களா? திருடன் வீட்டுப் பொண்ணுன்னு சொல்ல மாட்டாங்களா?"

ஷர்ஷென் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப நாளாக யோசித்துத் தெளிந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறவர் போலப் பேசினார். "குதிரை திருடறது ஆம்பளைங்க பண்ற வேல. எங்க பாட்டன் காலத்துல குதிரை திருடாதவனுக்கு யாரும் பொண்ணே குடுக்கல. திருடன் வீட்ல சம்பந்தம் பண்ணலாம். நாலு நாள் பேசிட்டு விட்டுடுவாங்க. பைத்தியம் அப்படியா? அது ரத்தத்துல வரும்."

ஜுமாகுல் அவரைப் பார்த்தாள். தாடியில் ஒரு நூடுல்ஸ் துண்டு தொங்கியது. இந்த மனிதனோடு இத்தனை வருஷம் ஒரே போர்வைக்குள் படுத்திருந்தோமே என்று நினைத்தாள். தாடியில் ஒட்டியிருக்கிறது என்று வழக்கம்போல அவள் சொல்லவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. குழந்தைகளுக்கு விடுமுறை விட்டு, குட்டை பெஞ்சுகளில் ஊர்ப் பெரியவர்கள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெய்ஷென் பெரியவர். ஒரு காலத்தில் கூட்டுப்பண்ணையில் கணக்கர், கட்சிக்காரர், கடவுள் இல்லை என்று கூட்டம் போட்டுப் பேசியவர். இப்போது அவர் தொடாத ரொட்டி புனிதமாகாது. அவர் முன்னால் மேஜையில் வெள்ளைத் துணி, துணிமேல் வட்ட ரொட்டி. மாமிர் ஜன்னலோரம் பல் குத்திக்கொண்டிருந்தார். எசென் வெளியே போலீஸ் ஜீப்பில் இருந்தான். பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தியும் அவர்களோடு நின்றாள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தது போல.

"ஷர்ஷென், வா. வந்து ரொட்டியப் பிடி" என்றார் பெய்ஷென்.

ஷர்ஷென் நரித்தோல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். ரொட்டிக்கு முன்னால் போய் நின்றார். கையை நீட்டவில்லை.

"பெரியவங்களே, என்னப் பத்தி ஒங்களுக்குத் தெரியும். நான் பாக்காதத பாத்தேன்னு சொன்னதில்ல. என் தம்பி ரஷ்யாவுல இருக்கான்னு நெனச்சிட்டு இருந்தேன். எப்ப வந்தான், எங்க இருந்தான், தெரியாது. தெரியாத விஷயத்துக்கு ரொட்டி மேல கை வெச்சா இந்தக் கை அழுகிடும். கூடப் பொறந்தவனா இருந்தாலும் சரி, நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

கூடம் மூச்சுவிட்டது. பெய்ஷெனின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "பாத்தீங்களாடா! சொந்தத் தம்பிக்காகக்கூட வாய் தவறல. மனுஷன்னா இவன் மனுஷன்!" யாரோ ஒருவர், "அந்த ஆட்டுக்குட்டி விஷயத்துலயும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்தார். இந்தத் தடவை மெய்யன் பட்டம் பொய் சொன்னதற்காகவே கிடைத்துவிட்டது. ஷர்ஷென் துக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தான் யோசித்துச் செய்ததாக ஜுமாகுலால் ஒருநாளும் சொல்ல முடியாது. கால் அதுவாக நடந்தது. பெஞ்சுகளுக்கு நடுவே போய், மேஜையிலிருந்த ரொட்டியை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"கீழ வை! பொம்பள நீ, வேற வம்சம்!" என்றார் ஒரு பெரியவர்.

"எந்த வம்சமா இருந்தாலும் வயித்துக்குப் போறது இந்த ரொட்டிதான். இது மேல சொல்றேன். குதிரை போன ராத்திரி என் கொழுந்தன் எங்க கொட்டகைல இருந்தார். கால்ல சங்கிலி போட்டு, தூண்ல கட்டி, பூட்டு போட்டு வெச்சிருந்தோம். அன்னிக்கு மட்டுமில்ல, ரஷ்யாவுல இருக்கார்னு சொன்ன அத்தன நாளும். அவருக்கு புத்தி சரியில்ல. நான்தான் சூப் கொண்டுபோய் குடுத்தேன். பொய் சொன்னா இந்த ரொட்டி என் கண்ணப் பறிக்கட்டும்."

ஜுமாகுல் காத்திருந்தாள். சீ என்று துப்புவார்கள், மனிதனை மாடு மாதிரி கட்டினீர்களா என்று கத்துவார்கள், ஷர்ஷெனின் தொப்பி மண்ணில் உருளும் என்று எதிர்பார்த்தாள். உருளட்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

பெய்ஷென் தாடியைத் தடவினார். "கயிறா, சங்கிலியா?"

"சங்கிலி" என்றாள் ஜுமாகுல்.

"இரும்பா?"

"இரும்பு."

"அப்ப எடுத்திருக்க முடியாது" என்றார் பெய்ஷென் திருப்தியாக. மற்ற தலைகளும் ஆடின. "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா ஷர்ஷென்? பொறுப்பா கட்டித்தானே போட்டிருக்கே! அவுத்து விட்டிருந்தாதான் தப்பு."

அதைக் கேட்டதும் ஊரின் வாய் திறந்துகொண்டது. அல்தமிஷின் தாய்மாமன் ஒருவரை வருஷக்கணக்கில் அறையில் பூட்டி வைத்திருந்தார்களாம். முன் பெஞ்சில் இருந்தவரின் மருமகள் வீட்டில் கயிறுதான் கட்டுகிறார்களாம், கயிற்றைக் கடித்துவிடுகிறாளாம். இரும்புக்குள் கம்பளித் துணி சுற்றினால் புண் வராது என்று ஒருவர் யோசனை சொன்னார். மாப்பிள்ளையின் அத்தைகூட, எங்கள் வீட்டில் மட்டும் என்ன, என்று பக்கத்துப் பெண்ணின் காதில் எதையோ சொன்னாள். எந்த மானத்தைக் காப்பாற்ற ஷர்ஷென் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தாரோ, அந்த மானம் போவதற்கு அந்தக் கூடத்தில் வழியே இல்லை. எல்லார் வீட்டு வைக்கோலுக்குப் பின்னாலும் ஒருவர் இருந்தார்.

ஜுமாகுல் கையில் ரொட்டியோடு நின்றாள். பிறகு மெதுவாக அதைத் துணிமேல் வைத்தாள். போகட்டும், நாய்கள் என்ன குரைத்தால் என்ன, அவன் வெளியே வந்தால் சரி என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்ப முடிஞ்சது. கேப்டன், பையனக் கூட்டிட்டு வாங்க. அண்ணன் கைல ஒப்படைச்சிடுங்க. ஷர்ஷென், பூட்ட மாத்து, அது சரியில்ல போல" என்றார் பெய்ஷென்.

மாமிர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போய் எசெனைக் கூட்டிவந்தார். ஜுமாகுலுக்கு அவனை அடையாளமே தெரியவில்லை. யாரோ தாடியை மழித்திருந்தார்கள், முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காலில் ஒரு பழைய போலீஸ் பூட்ஸ். கையில் விலங்கு இல்லை. அது கருணையால் அல்ல. ஸ்டேஷனுக்கென்று இருந்த ஒரே விலங்கின் சாவியை மாமிர் தொலைத்து வெகுநாளாகிவிட்டது.

"எசென், ஒன் மேல தப்பில்லன்னு தீர்ப்பாயிடுச்சு. வீட்டுக்குப் போ" என்றார் பெய்ஷென்.

எசென் கூடத்தைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். ஷர்ஷென் எழுந்து, எல்லோரும் பார்க்க, அன்போடு அவன் முழங்கையைப் பிடித்தார். "வாடா தம்பி, போலாம்."

"எங்க?"

"வீட்டுக்குத்தான்."

எசென் கையை உதறிக்கொண்டு மேஜைக்குப் போனான். ரொட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவன் குரல் தெளிவாக இருந்தது. இவ்வளவு தெளிவாக அவன் பேசி ஜுமாகுல் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

"குதிரைய நான்தான் எடுத்தேன். ரொட்டி மேல சத்தியம். நான்தான்."

"நீங்க எடுக்கல!" என்று கத்தினாள் ஜுமாகுல். "யாருக்குப் பயந்து இப்படிச் சொல்றீங்க? பூட்டி இருந்தத நான்தான பாத்தேன், எனக்குத் தெரியாதா?"

எசென் அவள் பக்கம் திரும்பி, அண்ணியிடம் மட்டும் பேசுகிற மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "அண்ணி, மன்னிச்சிடுங்க. ஸ்டேஷன்ல என்னக் கட்டிப் போடல. கேப்டன் தெனம் எதிர்ல ஒரு நாற்காலி போட்டு உக்காந்து கேள்வி கேக்கறார். நான் என்ன பண்ணேன்னு கேக்கறார். சொன்னா எழுதிக்கறார். அப்பறம் செவுத்துல இருக்கவங்க கொஞ்ச நேரம் பேசறதில்ல."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். மாமிர் சிரிக்கவில்லை. நழுவிப் போன பழம் மறுபடி பாலை நோக்கி உருண்டு வருவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, ரெண்டு சத்தியம் ஆயிடுச்சே. எது செல்லும்?" என்றார்.

பெய்ஷென் யோசித்தார். அல்தமிஷ் யோசித்தான். ஷர்ஷென் யோசித்தார். ஒவ்வொருவர் முகத்திலும் கணக்கு ஓடுவதை ஜுமாகுல் பார்த்தாள். எசென் திருடன் என்றால் மாமிரின் வழக்கு முடிகிறது. அல்தமிஷுக்குக் குதிரைக்கு ஈடு கேட்க ஓர் ஆள் கிடைக்கிறது. ஷர்ஷென் வீட்டில் பைத்தியமே இல்லை, இரக்கத்தால் பொய் சொன்ன ஒரு மனைவிதான் இருக்கிறாள்.

"தன்னைக் காப்பாத்திக்க சத்தியம் பண்றவன நம்பக் கூடாதுன்னு நம்ம முன்னோர் சொன்னாங்க" என்று பெய்ஷென் இழுத்தார். "தன்னை மாட்டிவிட சத்தியம் பண்றவன் எதுக்குப் பொய் சொல்லணும்? அதுவும் போக, இது ஆம்பளை சத்தியம்."

"அவருக்கு புத்தி சரியில்லன்னு இப்பதான ஒத்துக்கிட்டீங்க! எப்படிக் கட்டணும்னு பாடமே எடுத்தீங்களே!"

"புத்தி சரியில்லாதவன் இப்படிக் கோர்வையாவா பேசுவான்?" என்றார் பெய்ஷென். "ரொட்டியத் தொட்டு பொய் சொன்னவ நீ. ஒன்ன நாங்க ஒண்ணும் பண்ணல, ஒன் புருஷன் மொகத்துக்காக விடறோம்."

ஷர்ஷென் எழுந்து, பெண்புத்தி, இளகிய மனசு, மன்னித்துவிடுங்கள் என்று சபையிடம் கேட்டுக்கொண்டார். சபை மன்னித்தது. மாப்பிள்ளையின் அத்தை ஜுமாகுலின் பக்கத்தில் வந்து, கொழுந்தன் மேல் இவ்வளவு பாசமா, எங்கள் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்கும் இந்தக் குணம் இருக்கும் என்று அவள் தோளைத் தட்டினாள். அந்தக் கையை ஜுமாகுல் தட்டிவிட்டாள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

எசெனை மாமிர் வெளியே கூட்டிப்போனார். ஜுமாகுல் பின்னாலேயே ஓடினாள். இன்னும் ஒரு தடவை கத்தலாம், நகரத்துக்குப் போகலாம், அந்தப் பெண் டாக்டரைத் தேடிப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தலாம், இவர்கள் எல்லோர் முகத்திலும் கரியைப் பூசலாம் என்று நெஞ்சு துடித்தது. முற்றத்தில் பனித்தூறல் ஆரம்பித்திருந்தது. ஜீப்பின் பக்கத்தில் எசென் கட்டுண்டே இருந்த பழக்கத்தால் இரண்டு கையையும் சேர்த்து மாமிர் முன்னால் நீட்டினான்.

"என்னடா?" என்றார் மாமிர்.

"கட்டுங்க."

"எங்க ஓடப் போறே நீ? கையப் பாக்கெட்ல வெச்சிக்க, குளிருது. முன்னாலயே உக்காரு."

எசென் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணியைப் பார்த்துச் சிரித்தான். மீரிமைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் ஓடிய நாட்களில் அவன் இப்படிச் சிரித்திருக்கிறான். அதற்கப்புறம் இல்லை.

ஜுமாகுல் கத்துவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவன் திருடவில்லை என்று இவர்களை நம்ப வைத்துவிடலாம். நம்ப வைத்து, வெளியே எடுத்து, எந்த வீட்டுக்குக் கூட்டிப்போவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.